நான்கு கூடும் ஒரு சின்ன அறையும்

ஒரு அறை. நீளம் 9 அடி, அகலம் 8 அடி. அதற்குள் பெரிய நாய்களுக்கான கம்பிக் கூடுகள் நான்கு வைக்க வேண்டும். இரண்டு கூடுகள் 48 அங்குல நீளம், 30 அங்குல அகலம். மற்ற இரண்டும் 42க்கு 28. வைக்கலாமா?

கல்குலேட்டரில் தட்டினால் வைக்கலாம். அறையின் பரப்பு 72 சதுர அடி. நான்கு கூடுகளும் சேர்ந்து 36 சதுர அடியும் கொஞ்சமும். பாதி அறை மிச்சம். பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் மகன் மெல்பேர்னில் இருந்து வட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்கும் இதுதான். கூடுகளுக்கு ஓடரும் கொடுத்திருந்தார்.

ஆனால் வைக்க முடியாது. ஏன் முடியாது, கடைசியில் என்ன செய்தோம் என்பதுதான் இந்தப் பதிவு. பெரிய நாய் வளர்க்கிறவர்களுக்குப் பயன்படும். என்னைப் போல வளர்க்காதவர்களும் வாசிக்கலாம், நீளத்தை மன்னித்து.

நாங்கள் இருப்பது கண்டிப் பக்கம், ஒரு மலைச்சரிவில். ஆன்ட்டி சிங்களவர், ஓய்வுபெற்ற தாதி, தனியாக இருக்கிறார். அவருக்குத் துணை நான்கு நாய்கள். ஒரு ரொட்வைலர், இரண்டு இளம் பெண் அல்சேஷன், டைகர் என்ற ஒரு கிழட்டு அல்சேஷன். போன மழையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து நாய்க் கொட்டிலின் சுவரைத் தள்ளிவிட்டது. நாய்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரைத் திரும்பக் கட்ட மேசன் பாஸ் ஆறு வாரம் கேட்டார். அதுவரை இரவில் அவற்றை வைக்க வீட்டில் இருந்த ஒரே இடம் பழைய ஸ்டோர் ரூம். சாப்பாட்டு நேரத்தில் ரொட்வைலருக்கும் இளம் நாய்களுக்கும் ஒத்துப்போகாது. அதனால் தனித்தனிக் கூடு வேண்டும் என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார்.

அறை போதாது என்று தெரிந்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். இரண்டு நாயை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றார்கள் சிலர். கிழட்டு நாய்க்கு இடுப்பும் சரியில்லை, ஊசி போட்டுவிடுங்கள் என்றார் ஒரு சொந்தக்காரர். ஆன்ட்டி இதை என்னிடம் வேலியோரமாக நின்று சொன்னார். சொல்லிவிட்டு, “துவ, நீங்கள் கணக்கு டீச்சர்தானே, ஒருக்கால் வந்து அளந்து பாருங்களேன்” என்றார்.

டைகரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் எங்கள் மாவட்டத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஊரடங்கு போட்டிருந்த அந்த நாட்களில் இரண்டு இரவுகள் நாங்கள் படுத்தது ஆன்ட்டியின் பின் அறையில். நான், மகளின் வாப்பா, கைக்குழந்தை, மாமி. நாங்கள் தொழுவோம் என்பதற்காக நாய்களை அந்த அறைப் பக்கம் வரவிடாமல், டைகரை மட்டும் முன்வாசலில் கட்டி வைத்தார். அப்போது அதற்கு ஒரு வயதும் கொஞ்சமும். ரோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழும்பிக் குரைக்கும். சத்தம் போனதும் படுக்கும். அந்த இரண்டு இரவும் நாங்கள் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதான் விழித்திருந்தோம். அல்ஹம்துலில்லாஹ், அந்த வாசலுக்கு யாரும் வரவில்லை.

அதனால் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் நாய்களை அளக்க வேண்டும். நாய்களை விமானத்தில் கொண்டுபோக ஐயாட்டா அமைப்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மூக்கு நுனியில் இருந்து வாலின் அடிவரை ஒரு நீளம். அதோடு தரையில் இருந்து முன்னங்கால் முழங்கை வரையுள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூட்டின் நீளம். தோளின் அகலம் இரண்டு மடங்கு ஆனால் கூட்டின் அகலம். நிற்கும்போது தலை அல்லது காது நுனி, எது உயரமோ அது கூட்டின் உயரம். அதன் மேல் விரிப்பின் தடிப்பைக் கூட்ட வேண்டும். நாய் நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் முடிய வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். ஆன்ட்டி நாயைப் பிடித்து அளந்தார், நான் கொப்பியில் எழுதினேன். டைகருக்கு 41 அங்குலம், முழங்கை 14. பாதி 7. மொத்தம் 48. மகன் வாங்கியது சரியான கூடுதான்.

அடுத்தது அறை. கூடுகள் வந்து இறங்குவதற்கு முன் பழைய பத்திரிகைகளை ஒட்டி, கூடுகளின் அளவுக்கு நான்கு தாள்கள் வெட்டித் தரையில் போட்டோம். பாரமான கூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பதைவிடத் தாளை நகர்த்துவது லேசு. யார் செய்தாலும் இப்படிச் செய்யுங்கள்.

நான்கையும் பக்கம் பக்கமாக நிறுத்தினால் 30, 30, 28, 28. மொத்தம் 116 அங்குலம். அறையின் நீளமான சுவரே 108தான். எட்டு அங்குலம் போதாது. இரண்டு சுவரோரமும் இரண்டிரண்டாகப் படுக்கை வாட்டில் போட்டால் அடங்குகிறது. ஆனால் நடுவில் 38 அங்குல நடைபாதைதான் மிஞ்சும். கூட்டின் கதவு திறக்க அதில் இரண்டடி போகும். மிச்சம் 14 அங்குலத்தில் ஆன்ட்டி நின்றுகொண்டு, அவசரமாக வெளியே பாயும் நாற்பது கிலோ நாயைப் பிடிக்க வேண்டும். அவருக்கு வயது அறுபத்தெட்டு. போதாததற்கு அறைக் கதவும் உள்ளே திறக்கிறது. அது நேராக ஒரு கூட்டில் முட்டும்.

இன்னொரு சிக்கல், எதிரெதிரே வைத்தால் ரொட்வைலரும் இளம் நாய்களும் இரவு முழுக்க முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருக்கும். தூக்கம் அவற்றுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம் என்று மெல்பேர்னில் இருந்து ஒரு யோசனை வந்தது. இந்த அளவு நாய்களை அப்படி ஏற்றி இறக்க முடியாது, மேலே உள்ளது அசைந்தால் கீழே உள்ளதற்கு நிம்மதியும் இல்லை.

காற்று பெரிய விஷயம். நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மூடிய அறையில் நான்கு பெரிய நாய்கள் இரைத்தால் ஈரம் கூடும், ஈரம் கூடக் கூட இரைப்பதில் பயனும் குறையும். மேலே சீட் கூரை வேறு. ஆகவே யன்னலை மறைக்கும் எந்த ஒழுங்கும் ஒழுங்கே இல்லை.

அடுத்த நாள் இதை என் தரம் 9 பிள்ளைகளுக்குக் கணக்காகக் கொடுத்தேன். ஒரே சிரிப்பு. “நாய்க்கா டீச்சர் கணக்கு?” என்றான் பின்வரிசையில் ஒருவன். எல்லோரும் பரப்பைக் கண்டுபிடித்து, போதும் என்று எழுதினார்கள். ஒரு பிள்ளை மட்டும் எழுதாமல் கையை உயர்த்தி, “கதவு எந்தப் பக்கம் திறக்கும் டீச்சர்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை. நாற்பது பிள்ளைகள் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும் ஒரு வகுப்பறையில் அந்தக் கேள்வி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பரப்பு போதும் என்று யாரோ ஒருவர் எங்கேயோ இருந்து போட்ட கணக்கில்தான் அவர்களும் இருக்கிறார்கள்.

பிறகு எதிர்பார்த்த கேள்வி வந்தது. “நாய் நஜீஸ்தானே டீச்சர், நீங்கள் ஏன் அங்கே போகிறீர்கள்?”

கேட்டவனைக் கோபிக்கவில்லை. வீட்டில் கேட்டு வளர்ந்ததைத்தான் கேட்கிறான். நான் சொன்னது இதுதான். நமது ஷாஃபிஈ மத்ஹபில் நாய் நஜீஸ்தான். ஈரத்தோடு பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. உலர்ந்ததில் உலர்ந்தது பட்டால் அது ஒட்டாது. காரணமில்லாமல் நாய் வளர்ப்பதை ஹதீஸ் விரும்பவில்லை. வேட்டைக்கும், கால்நடைக்கும், பயிருக்கும் விலக்கு இருக்கிறது. காவலையும் அவற்றோடு சேர்த்து அனுமதித்த இமாம்கள் உண்டு. இவையெல்லாம் நாம் நம்மை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது, எதை வளர்ப்பது என்பதற்கான சட்டங்கள். நாயைக் கல்லால் எறியச் சொன்ன சட்டம் எதுவும் இல்லை. தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் தண்ணீர் கொண்டுவந்தவரை அல்லாஹ் மன்னித்தான் என்ற ஹதீஸ் புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.  நாய் என்பதற்காக அவர் கிணற்றில் இறங்காமல் இருக்கவில்லை.

வீட்டில் என் மாமி இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. முதல் நாள் நான் திரும்பி வரும்போது பின்வாசலில் ஒரு வாளி தண்ணீரும், ஒரு பால்மா பேணியில் சுத்தமான மண்ணும் வைத்திருந்தார். ஆறு வாரமும் அந்தப் பேணி அங்கேயே இருந்தது. அதைவிட நல்ல பத்வா எனக்கு யாரும் தரவில்லை.

சரி, அறைக்கு வருவோம். மூன்று கூடென்றால் அடங்கும் என்பது தாளில் தெளிவாகத் தெரிந்தது. நான்காவதுதான் பிரச்சினை. எந்த நாய் நான்காவது?

அன்று வெள்ளிக்கிழமை. காலையில் சூரா கஹ்ஃப் ஓதிவிட்டுப் போயிருந்தேன். அதில் 18ஆம் வசனத்தில் குகைத் தோழர்களின் நாய் வருகிறது. அது குகை வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்ததாக அல்லாஹ் சொல்கிறான். சின்ன வயதில் இருந்து ஓதுகிற வசனம். ஆன்ட்டியின் விறாந்தையில் டைகர் அதே மாதிரிக் கிடந்தது. பின்னங்கால்கள் மடங்காது, இடுப்பு மூட்டு தேய்ந்த அல்சேஷன்களுக்கு அப்படித்தான். முன்னங்கால் ஒரு பக்கம், பின்னங்கால் ஒரு பக்கம் நீட்டித்தான் படுக்கும். ஆன்ட்டியை அளக்கச் சொன்னேன். கால் நுனியில் இருந்து கால் நுனிக்கு 56 அங்குலம்.

48 அங்குலக் கூடு மற்ற நாய்க்குச் சரி. சுருண்டு படுக்கத் தெரிந்த நாய்க்குச் சரி. டைகருக்கு அது சரிவராது. வாசல் கம்பியைத் தாண்டிக் காலைத் தூக்கி வைத்து ஏறுவதும் அதற்குக் கஷ்டம். “டைகர் யாரோடும் சண்டை பிடிக்காது துவ, அதுக்குக் கூடு எதுக்கு?” என்றார் ஆன்ட்டி. மிருக வைத்தியரிடம் போனில் கேட்டோம். அவரும் சரி என்றார்.

இப்படி வைத்தோம். வாசலுக்கு எதிரே உள்ள 8 அடிச் சுவரில் மூன்று கூடுகள் பக்கம் பக்கமாக, கதவுகள் அறையைப் பார்த்தபடி. 30, 28, 28. மொத்தம் 86. சுவர் 96. மிச்சம் 10 அங்குலத்தைக் கூடுகளுக்கு இடையில் பிரித்து விட்டு, அந்த இடைவெளியில் பிளைவுட் துண்டுகளை நிறுத்தினோம், ஒன்றை ஒன்று பார்க்காமல் இருக்க. முன்னால் ஐந்தடிக்கு எட்டடி இடம் வெறுமையாக. யன்னல் அந்த வெறும் பக்கத்தில், திறந்தபடி. அறைக் கதவைக் கழற்றி வெளியே திறக்கிற மாதிரி மாட்டிக் கொடுத்தார் மேசன் பாஸ். இரவில் அதையும் திறந்து வைத்து, குறுக்கே இடுப்பளவு மரப் படலை ஒன்று. வாசலுக்குக் கிட்ட உள்ள கூட்டில் ரொட்வைலர். அதுதான் முதலில் வெளியே போகும், அதனால் மற்றவற்றின் முகத்துக்கு முன்னால் நடக்காது. கூட்டுக்குள் விடும்போது கழுத்துப்பட்டியைக் கழற்றிவிட வேண்டும், கம்பியில் மாட்டினால் ஆபத்து. தண்ணீர்க் கோப்பை கம்பியில் கொழுவியது. கூடு இரவுக்கு மட்டும், பகலில் முற்றம்.

டைகருக்கு வாசலோரம், படலைக்கு உட்பக்கம், ஒரு தடித்த றப்பர் விரிப்பு. ஆறு அடி நீளம்.

நான்காவது கூட்டை வாங்கிய இடத்திலேயே திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ஊசியைப் பற்றியும் யாரும் பிறகு பேசவில்லை.

கொட்டில் இப்போது கட்டி முடிந்துவிட்டது. கட்டுவதற்கு முன் மேசன் பாஸ் எத்தனை அடி வேண்டும் என்று கேட்க, ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு நாயும் நன்றாகத் தூங்கும் நேரம் பார்த்து, கால் நுனியில் இருந்து கால் நுனிக்கு அளக்கச் சொன்னேன். அதற்கு மேல் ஓரடி. நிற்கும்போது எடுக்கும் அளவு கூட்டைக் கொண்டுபோக உதவும். இருக்கும் இடத்துக்குத் தூங்கும்போது எடுக்கும் அளவுதான் சரி.

நாய் வளர்க்கும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பறைக்கும் விடுதிக்கும் அளவு தீர்மானிக்கும் அதிகாரிகள் யாராவது வாசித்தால், அவர்களும்.