கம்பியில் கோக்கும் முன் எண்ண வேண்டிய நாட்கள்

‘விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் கபாப் கேட்கிறார்கள். கொட்டிலில் ஆடு இருக்கிறது. தோட்டத்தில் கத்தரி, தக்காளி, வெங்காயம் இருக்கிறது. கடையில் வாங்காமல் வீட்டிலேயே சுட்டுக் கொடுக்கலாமா? எந்தக் காய் தோதுப்படும்?’ என்று ராஜபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சமையல் பகுதிக்குப் போக வேண்டிய கேள்வி, வேளாண்மை அலுவலரான என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறது என்பேன். ஏன் என்று கடைசிவரை படித்தால் தெரியும்.

கம்பியில் கோத்துச் சுடுவது நமக்குப் புதிதல்ல. பொருநராற்றுப்படையிலேயே இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி வருகிறது. அந்தக் கம்பிக்கு அன்றைய பெயர் ‘காழ்’. அவ்வளவு தூரம் போவானேன்? கிடாய் வெட்டிய வீட்டில் மிஞ்சிய கறிக்கு உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, வெயிலில் காயப்போட்டு எடுத்த உப்புக்கண்டத்தைக் கங்கில் சுட்டுத் தின்ற தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. கருவாடு, பனங்கிழங்கு, மக்காச்சோளக் கதிர், சுட்டுப் பிசைந்த கத்தரிக்காய் என்று நம் அடுப்படி பார்க்காத சுடுதல் இல்லை.

கரியும் கம்பியும்

நம் பகுதியில் கரிக்குப் பஞ்சமில்லை. ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக் கருவேலங்கரி நின்று எரியும். தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குச் சிரட்டைக் கரி இருக்கிறது. பெயின்ட் அடித்த பலகை, பழைய கதவு, ரப்பர் இவற்றை நெருப்பில் போடக் கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் கறியில் வாடை ஏறும், ஆபத்தும்கூட. காய்ந்த தென்னம்பாளையே போதும். கரி முழுக்கப் பற்றி, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகுதான் கம்பியை வைக்க வேண்டும். தழல் எழும்போது வைத்தால் வெளியே கருகும், உள்ளே வேகாது.

கம்பிக்குச் சைக்கிள் போக்கு, குடைக்கம்பி, கட்டுக்கம்பி எதுவும் வேண்டாம். அவற்றின் முலாம் சூட்டில் கழன்று உணவில் சேரும். எவர்சில்வர் கம்பி வாங்கிக்கொள்ளுங்கள். காய்க்கு மட்டும் என்றால், அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்த மூங்கில் குச்சி போதும். வேலியில் கிடைக்கும் குச்சியை ஒடித்துச் செருகாதீர்கள். அரளிக் குச்சி விஷம். சீவிய பிறகு எது அரளி, எது வேறு என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

எலும்பில்லாத ஆட்டுக்கறி அரைக்கிலோவை ஒரு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, கட்டித் தயிர் 4 கரண்டி, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, கொஞ்சம் நல்லெண்ணெய் சேர்த்துப் பிசறி 2 மணி நேரம் வையுங்கள். முற்றிய கறி என்றால், தோட்டத்துப் பச்சைப் பப்பாளியை அரைத்து 2 சிறு கரண்டி சேர்க்கலாம். பப்பாளிப் பாலில் இருக்கும் என்சைம் கறியின் நாரை இளக்கும். இரவு முழுக்க வைத்தால் கறி குழைந்து கம்பியில் நிற்காது.

கறியையும் காயையும் ஒரே கம்பியில் கோப்பது படத்துக்கு அழகு. ஆனால் தக்காளி வெந்து விழும்போது கறி பாதிதான் வெந்திருக்கும். கறிக்குத் தனிக் கம்பி, காய்க்குத் தனிக் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோழி என்றால் நடுத்துண்டைப் பிய்த்துப் பார்த்து, உள்ளே சிவப்பு இல்லாவிட்டால்தான் இறக்க வேண்டும். கருகிய ஓரங்களை வெட்டி எறிந்துவிடுங்கள். அது உடம்புக்கு ஆகாது.

காய்களில் பிஞ்சுக் கத்தரி, சின்ன வெங்காயம், செங்காய்த் தக்காளி, பஜ்ஜி மிளகாய், பாதி வேகவைத்த சர்க்கரைவள்ளி எல்லாம் தோதுப்படும். குடைமிளகாய் நம் வெக்கைக்கு வெளித்தோட்டத்தில் சரியாக வராது. அதற்காக ஏங்க வேண்டாம்.

‘இது வீட்டுப் பாத்தி சார்’

இனிதான் என் துறைக்குரிய விஷயம். குழம்புக்குப் போகும் காயைக்கூடச் சில வீடுகளில் தோல் சீவிப் போடுகிறோம். கம்பியில் கோக்கும் காய் தோலோடு அப்படியே வாய்க்குப் போகிறது.

சில வருடங்களுக்கு முன்பு ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஒரு கத்தரி வயலைப் பார்க்கப் போயிருந்தேன். அரை ஏக்கர். வேலை முடிந்ததும் அந்த வீட்டம்மா கத்தரிக்காயைச் சுட்டு, வெங்காயம் பச்சைமிளகாய் நசுக்கிப் போட்டுப் பிசைந்து, கம்மங்கூழோடு கொடுத்தார்கள். நான் காயைப் பார்த்ததைக் கவனித்துவிட்டார்கள். “பயப்படாதீங்க சார், இது வீட்டுப் பாத்தி. மருந்தே அடிக்கிறதில்ல” என்றார்கள். கிணற்று ஓரமாக இருபது செடி தனியாக நின்றது. “அந்தப் பக்கம் இருக்கிறது?” என்று கேட்டேன். “அது மார்க்கெட்டுக்கு” என்றார் அண்ணாச்சி. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த அம்மாவே சொன்னார்கள்: “சென்னையில எம் பேரன் மார்க்கெட்டுக் காயத்தான திங்கிறான்.”

அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு கூடையில் நாலு ஓட்டைக் காய் இருந்தால் கமிஷன் கடையில் மொத்தக் கூடைக்கும் விலை இறங்குகிறது. தண்டு மற்றும் காய்த்துளைப்பான் புழு காய்க்குள் போய்விட்டால், மேலே அடிக்கும் மருந்து அதைத் தொடாது. அந்தப் பயத்தில்தான் வாரம் தவறாமல் தெளிப்பு நடக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக்கும், தெளித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே இத்தனை நாள் விட வேண்டும் என்ற காத்திருப்புக் காலம் உண்டு. டப்பாவோடு வரும் துண்டுத்தாளில் பயிர்வாரியாக அச்சிட்டிருப்பார்கள். சில மருந்துக்கு 3 நாள். சிலவற்றுக்கு 20 நாளுக்கும் மேல். கத்தரியை நாம் நாலைந்து நாளுக்கு ஒருமுறை பறிக்கிறோம். 20 நாள் மருந்தை அடித்துவிட்டு ஐந்தாம் நாள் பறித்தால் அந்தக் காய் யார் தட்டுக்குப் போனாலும் ஒன்றுதான். கழுவினால் மேலே படிந்தது ஓரளவு போகும். ஊடுருவிப் பாயும் மருந்து சதைக்குள் இருக்கும். கங்கில் சுட்டால் போய்விடும் என்று நம்பி நாளைக் குறைக்கக் கூடாது. மானோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்க 2005-லேயே தடை வந்துவிட்டது. பருத்திக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறது என்று கத்தரிக்கு அடித்தவர்களை அதற்குப் பிறகும் பார்த்திருக்கிறேன்.

அந்த அண்ணாச்சியிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். வாடித் தொங்கும் நுனித்தண்டை வாரம் இருமுறை கிள்ளி, புழுவோடு அழியுங்கள். ஓட்டைக் காயை வயலில் போடாதீர்கள். இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5 வையுங்கள். வேப்பங்கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். அதற்கும் அடங்காமல் மருந்துதான் என்றால், காத்திருப்புக் காலம் குறைவானதாகக் கேட்டு வாங்குங்கள். முதலில் பறிப்பு, பிறகு தெளிப்பு. தெளித்த தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். அடுத்த பறிப்பை அந்தத் தேதி முடிவு செய்யட்டும்.

ஆட்டுக்கும் இதே கணக்குத்தான். நம் கரிசல் காட்டுக் கன்னி ஆடாக இருந்தாலும், ஊசி போட்டாலோ குடற்புழு மருந்து கொடுத்தாலோ எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சீக்காளி ஆட்டை ஊசி போட்ட மறுநாளே அறுப்பது நடக்கிறது. அது கூடாது.

அடுப்பைத் திறந்த முற்றத்தில் வையுங்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் வாயுவுக்கு வாடை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். மலையடிவாரத் தோப்புக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: செண்பகத்தோப்பும் அய்யனார் கோயில் பக்கமும், 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தை ஒட்டியவை. கோடையில் அங்கே சருகு பஞ்சு மாதிரி கிடக்கும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீ எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்று மறந்திருக்க மாட்டீர்கள். தோப்பில் சுட வேண்டாம். வீட்டிலும் கங்கின் மேல் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றிய பிறகே எழுந்திருங்கள்.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு: பொங்கலுக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்றால் புரட்டாசித் தொடக்கத்தில் கத்தரி நாற்றங்கால் போடுங்கள். 30 முதல் 35 நாளில் பிடுங்கி நடலாம். நட்ட இரண்டு மாதத்துக்குள் காய் வந்துவிடும். மார்கழிக் கடைசியில் பறிப்பு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு இருபது செடி தாராளம். மார்க்கெட்டுக்கு நடும் செடிக்கும் அதே நாற்று, அதே வேப்பங்கொட்டைக் கரைசல், அதே காலண்டர் இருக்கட்டும். ஊருக்குத் திரும்பும்போது பேரன் ஒரு பை காய் கேட்டால், எந்தப் பக்கம் பறிப்பது என்று யோசிக்க வேண்டியிருக்காது.