யானைக் கணக்கு

காலைப் பேப்பரைப் பிரித்தால் உள்ளேயிருந்து நழுவி விழுமே ஒரு மஞ்சள் நோட்டீஸ், அப்படி ஒன்று உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். 'வைல்டு லைஃப் சஃபாரி, ஒயின் டேஸ்டிங், சைட் சீயிங்! மூன்று பகல், இரண்டு இரவு. நம்ம ஊர் சமையல்!'

இந்தக் காம்பினேஷனைக் கண்டுபிடித்தவர்கள் வெள்ளைக்காரர்கள். தென்னாப்பிரிக்காவுக்குப் போனால் க்ரூகர் காட்டில் சிங்கம் காட்டி, ஸ்டெல்லன்போஷ் திராட்சைத் தோட்டத்தில் ஒயின் கொடுத்து, கடலோர மலைப் பாதையில் ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார்கள். அதற்கு லட்சங்கள் வேண்டும். கருமத்தம்பட்டியில் நூல் வியாபாரம் செய்யும் என் காலேஜ் நண்பன், அதையே ஆளுக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாயில் முடித்துவிட்டான். க்ரூகருக்குப் பதில் கபினி. ஸ்டெல்லன்போஷுக்குப் பதில் குடகு.

2025 ஏப்ரல் கடைசி. பள்ளிக்கூட லீவு. விடிகாலை நாலு மணிக்கு மாதா கோயில் பக்கத்தில் பஸ் நின்றது. தறி ஓட்டுபவர்கள், அவர்களின் சொந்தபந்தம் என்று நாற்பத்திரண்டு பேர். பஸ்ஸின் வயிற்றில் கேஸ் சிலிண்டர், அண்டா, அரிசி மூட்டை. ஏறும்போதே ஒரு பெரியம்மா நண்பனை மடக்கினார்.

"ஏங் கண்ணு, ஒயின் டேஸ்டிங்குன்னு போட்டிருக்குதே, அது என்ன?"

"திராட்சை ஜூஸுங்க அத்தை!"

"அப்படியா... சரி, சரி" என்று உட்கார்ந்தார். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

என் பக்கத்து சீட்டில் நண்பனின் மாமனார். கோவைக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் வாழை விவசாயம். பஸ் முழுக்க அவரைத் 'தடாகத்து மாமா' என்றுதான் கூப்பிட்டது. எழுபதைத் தாண்டியவர். 'காட்டைப் பார்க்க எதுக்குங் காசு?' என்று சொன்னவரை மகள் வற்புறுத்தி ஏற்றிவிட்டிருந்தாள்.

அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம் தாண்டி பண்ணாரியில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு திம்பம் மலை ஏறினோம். 27 கொண்டை ஊசி வளைவு. விலங்குகளுக்காக 2022-லிருந்து அங்கே இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. ஆசனூர் தாண்டியதும் காரப்பள்ளம் செக்போஸ்ட். கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் ரோட்டோரம் காத்து நிற்பதை டி.வி.யில் பார்த்திருப்பீர்களே, அந்த இடம்தான். பஸ்ஸே எழுந்து நின்று ஜன்னல் வழியாகத் தேடியது. ஒரு யானையும் இல்லை. மாமா மட்டும் எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் எச்.டி.கோட்டை பக்கம் போய்ச் சேர்ந்து, அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டுவிட்டு வனத்துறை வண்டியில் சஃபாரி கிளம்பினோம்.

கபினியைப் பற்றி ஒரு தகவல். அங்கே அணை கட்டி முடித்தது 1974-ல். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க, காய்ந்த கரையில் பசும்புல் முளைக்கும். சுற்றிலும் காடு வறண்டு கிடக்கும்போது தண்ணீரும் புல்லும் ஒரே இடத்தில் கிடைத்தால் விடுமா? நாகர்ஹொளே, பந்திப்பூர், வயநாடு என்று பல காடுகளிலிருந்து யானைகள் அங்கே வந்து கூடுகின்றன. அணைக்கு முன்னால் அங்கே இருந்தது காக்கனகோட்டை காடு. யானைகளை விரட்டி வளைத்துப் பிடிக்கும் 'கெட்டா'வுக்குப் பேர் போன இடம். மைசூர் மகாராஜாக்கள் விருந்தினர்களை அழைத்து வந்து வேடிக்கை காட்டினார்கள். கடைசி கெட்டா நடந்தது 1971-ல். ஆக, டூரிஸ்ட்டுக்கு யானை காட்டுவது அந்த ஊருக்கு ஒன்றும் புதுசில்லை!

சாயங்கால வெயிலில் கரையோரம் ஒரு பெரிய கூட்டம் நின்றது. குட்டிகள் தாயின் காலுக்கடியில் ஒளிந்து விளையாடின. நாற்பது செல்போன்கள் மேலே எழும்பின. 'ஐயோ... அந்தக் குட்டியப் பாரேன்!'

மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "எவ்வளவு சாந்தமா நிக்குதுங்க பாருங்க தம்பி" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் குடகு. மடிகேரியில் கடைக்குக் கடை 'ஹோம் மேட் ஒயின்' போர்டு. இஞ்சி ஒயின், நெல்லிக்காய் ஒயின், வெற்றிலையில்கூட ஒயின்! கடைக்கார அம்மா சின்னச் சின்ன பிளாஸ்டிக் கப்பில் ஊற்றிக் கொடுத்தார். நம் பெரியம்மா இஞ்சியை ஒரு சொட்டு நாக்கில் வைத்து, "அட, கஷாயமாட்டத்தான் இருக்குது. இதுக்கா இத்தனை மறைச்சே?" என்று இன்னொரு கப் கேட்டார். கடையே சிரித்தது.

மாமா கப்பை முகர்ந்து பார்த்தார். "பலாப்பழம் ஊறுன வாசம். எங்கூர்ல இந்த வாசத்துக்கு ஆனை வந்துரும்."

இதற்கும் எல்லோரும் சிரித்தோம். கடைக்கார அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இங்கேயும் காபித் தோட்டங்களுக்குள் யானை வருகிறது, பலா பழுப்பதற்கு முன்பே காயை வெட்டித் தள்ளிவிடுகிறோம் என்று பாதிக் கன்னடம் பாதித் தமிழில் சொன்னார். அப்புறம் அவரும் மாமாவும் பட்டாசு, டார்ச் லைட், கரன்ட் வேலி என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் பாட்டில்களைப் பேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அன்று ராத்திரி லாட்ஜ் வராந்தாவில்தான் மாமா வாய் திறந்தார்.

"தம்பி, சின்னத்தம்பிய ஞாபகம் இருக்குதுங்களா?"

உங்களுக்கும் இருக்குமே! தடாகம் பகுதித் தோட்டங்களில் சுற்றிக்கொண்டிருந்த காட்டு யானை. விவசாயிகள் பிடிக்கச் சொன்னார்கள். 2019 ஜனவரியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, டாப்ஸ்லிப் பக்கம் காட்டில் விட்டார்கள். ஒரே வாரத்தில் காட்டைவிட்டு இறங்கி, உடுமலைப்பேட்டை பக்கம் கரும்புக் காட்டுக்கு நடந்தே வந்துவிட்டது. வீடு தேடி வருகிறான் என்று தமிழ்நாடே உருகியது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் அலைமோதியது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாறு முகாமில் அடைத்தார்கள்.

"அவனப் பிடிக்கச் சொல்லி மனு குடுத்தோமில்லீங்... அதுல நானும் ஒரு கையெழுத்து" என்றார் மாமா. "ஒரே ராத்திரியில நூறு வாழை போச்சு. பேங்க்ல நகை வெச்சு நட்ட வாழைங்க. வேற என்ன பண்றது? ஆனா அவன் இறங்கி நடந்து வர்றான்னு டி.வி.ல காட்டுனப்ப எனக்கு நாலு நாள் தூக்கமில்லீங்க. எல்லாரும் எங்களத் திட்டுனாங்க. 'ஆனை பாவம்'னாங்க. பாவந்தான். நான் இல்லீங்கலையே. ஆனா, 'வாழை போச்சே, உனக்கு எப்படி?'ன்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. ஏனென்றால், அன்றைக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்து 'யானை பாவம்' என்று உருகியவர்களில் நானும் ஒருவன்.

பி.காம். முதல் வருஷத்தில் அக்கவுன்டன்சி வாத்தியார் போர்டில் எழுதிப் போட்ட விதி எனக்கு இன்னும் மறக்கவில்லை. பெறுபவரைப் பற்று எழுது, தருபவரை வரவு வை. யாரோ ஒருவர் பெறுகிறார் என்றால், யாரோ ஒருவர் தருகிறார். தருகிறவர் பெயர் இல்லாத கணக்கு கணக்கே இல்லை.

கபினிக் கரையில் நாம் பெற்றோம். யார் தந்தார்கள்? டிக்கெட் எடுத்ததோடு நம் கணக்கு தீர்ந்தது என்று நினைக்கிறோம். ஆனால் அந்த யானை உயிரோடு நிற்பதற்கு, காட்டு விளிம்பில் யாரோ ஒருவர் வாழை தந்திருக்கிறார். சோளம் தந்திருக்கிறார். பரண் மேல் விழித்திருந்து தூக்கத்தைத் தந்திருக்கிறார். சில வீடுகளில் ஓர் உயிரையே தந்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களை நாம் எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை. யானைக்கு நாம் ரசிகர்கள். அவர்கள் கடன் கொடுத்தவர்கள். வசூலாகாத கடன்!

மூன்றாம் நாள் தலைக்காவேரியில் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, பாட்டில்களைச் சேலைக்குள் சுற்றி மறைத்துக்கொண்டு ஊர் திரும்பினோம்.

கதை அதோடு முடியவில்லை. அதே 2025 நவம்பரில் ஒரு செய்தி. நாங்கள் பார்த்த காட்டை ஒட்டிய மைசூர் மாவட்ட கிராமங்களில், புலி தாக்கி விவசாயிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். ஊர் கொதித்தது. பந்திப்பூரிலும் நாகர்ஹொளேயிலும் சஃபாரியை நிறுத்தும்படி கர்நாடக வனத்துறை அமைச்சர் உத்தரவிட்டார். சஃபாரி வேலையில் இருந்த ஊழியர்களைப் புலியைத் தேடவும் கிராமங்களைக் காக்கவும் அனுப்பச் சொன்னார். தருபவர்களின் பெயர் அன்றைக்குத்தான் கொஞ்சம் சத்தமாகக் காதில் விழுந்தது.

சஃபாரிக்கே போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. போங்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். யானையைப் பார்த்துச் சிலிர்க்காத மனுஷன் உண்டா? ஆனால் திரும்பி வரும் வழியில், காட்டோரத் தோட்டம் ஒன்றில் வண்டியை நிறுத்தி, அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். 'இந்த வருஷம் வெள்ளாமை எப்படிங்க? ராத்திரி தூங்க முடியுதுங்களா?' கடன் அடையாது. ஆனால், கடன் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாக ஆகும்.

செய்தியைப் படித்த அன்று மாமாவுக்கு போன் போட்டேன். வாழை எப்படி என்று கேட்டேன். இத்தனை நாள் பழக்கத்தில் இதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தார் போட்டிருக்குதுங் தம்பி. வந்தீங்கன்னா ரெண்டு தாரு உங்களுக்கு. ரெண்டு தாரு அவனுங்களுக்கு. மிச்சமிருந்தா... எனக்கு" என்று சிரித்தார்.