பத்து மணிக்குப் பிறகு

குடியை விட்டவனைப் பார்த்தால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆசையே வரலையா?" ராத்திரி தூங்குகிறாயா என்று யாரும் கேட்பதில்லை. நான் பார்த்தவரை, விட்ட குடியை மறுபடி தொட்டவர்களில் கொண்டாட்டத்துக்காகத் தொட்டவர்கள் குறைவு. நாலு இரவு சேர்ந்தாற்போலக் கண் மூடாமல் கிடந்து, ஐந்தாம் நாள் "இன்னிக்கு மட்டும் ஒரு கட்டிங் போட்டுட்டுத் தூங்கிடுவோம்" என்று போனவர்களே அதிகம்.

நானும் குடித்தவன்தான். விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. மதுரையில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு வாரம் தவறாமல் போகிறேன். புதிதாக வருகிறவர்களிடம் என் செல் நம்பரைக் கொடுத்து, எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்வேன். கூப்பிடுகிறார்கள், பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல். "குடிக்கணும்போல இருக்குண்ணே" என்று ஆரம்பிப்பவர்கள் அபூர்வம். "தூக்கம் வரலண்ணே" என்பார்கள். சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்பேன். பாதிப் பேர் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். மிச்சமிருக்கிற சோற்றில் தயிரை ஊற்றியோ, இரண்டு பிஸ்கட்டோ, எதையாவது தின்றுவிட்டு வந்து பேசச் சொல்வேன். பசி, கோபம், தனிமை, களைப்பு என்று நாலைச் சொல்லி, இவற்றில் எது இருந்தாலும் எச்சரிக்கையாக இரு என்று எங்கள் கூட்டங்களில் சொல்லிக்கொடுப்பார்கள். நடு ராத்திரியில் விழித்துக் கிடப்பவனிடம் நாலும் ஒன்றாக இருக்கும்.

"சரக்கு உள்ள போனாத்தான் தூக்கம் வருது" என்று குடிக்கிற எல்லோரும் சொல்வோம். அதில் பாதி உண்மை. மது, படுத்தவுடன் ஆளைச் சாய்த்துவிடும். ஆனால் ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி; அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். ஈரல் அதைக் கழித்து முடிக்க ஆறேழு மணி நேரமாவது ஆகும். ஒன்பது ஒன்பதரைக்குக் கடைசி மடக்கைக் குடித்தவனுக்கு விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு அது வடிகிறது. வாய் வறண்டு, முதுகு நனைந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு விழிப்பு வருவது அந்த நேரத்தில்தான். கனவு வருகிற தூக்கத்தையும் மது முன்னிரவில் அமுக்கிவிடுகிறது. பத்து வருடம் தினமும் குடித்தவன் பத்து வருடமாக ஒழுங்காகத் தூங்கவில்லை. குடியை நிறுத்திய பிறகுதான் அது அவன் கண்ணில் படுகிறது. அவனோ, நிறுத்தியதால்தான் தூக்கம் போயிற்று என்று கணக்குப் போடுகிறான்.

மூளைக்குள் நடப்பது இதுதான். நரம்புகளை அமைதிப்படுத்துகிற காபா என்ற ரசாயனத்தின் வேலையை மது கூட்டிவிடுகிறது. தூண்டிவிடுகிற குளூட்டமேட்டின் வேலையைக் குறைத்துவிடுகிறது. தினமும் வெளியிலிருந்து இப்படி அமுக்கிக்கொண்டே இருந்தால் மூளை சும்மா இருக்குமா? தன் பங்குக்கு அமைதியைக் குறைத்து, தூண்டுதலைக் கூட்டி, ஈடுகட்டப் பழகிக்கொள்கிறது. திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் அந்தக் கூட்டிய தூண்டுதல் மட்டும் கேட்பாரில்லாமல் நிற்கிறது. கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் அதனால் வருபவை. ஃபேன் சத்தம்கூடக் காதைக் குடையும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவர், வைராக்கியம் வந்துவிட்டது என்பதற்காக வீட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் நாள், கிழமை, ஆள் அடையாளம் தெரியாமல், சுவரில் இல்லாத பூச்சியைக் கையால் தட்டுகிற நிலை வரலாம். இது உயிருக்கே ஆபத்தானது. அரசு மருத்துவமனையோ மறுவாழ்வு மையமோ, டாக்டர் கண் முன்னால் இருந்துதான் நிறுத்த வேண்டும். அங்கே பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள், நடுக்கம் அடங்க மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். அந்த மாத்திரையையே பிறகு மெடிக்கல் ஷாப்பில் தெரிந்த பையனிடம் வாங்கித் தூக்கத்துக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் மூளையில் மது தொட்ட அதே இடத்தைத்தான் தொடுகிறது. பாட்டிலை விட்டு அட்டையைப் பிடித்தவர்களை மீட்பது இன்னும் கஷ்டம்.

நடுக்கம் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். சோறு இறங்கும், முகம் தெளியும், அக்கம்பக்கத்தில் "ஆளே மாறிட்டாப்ல" என்பார்கள். தூக்கம் மட்டும் அந்த அவசரத்துக்கு வராது. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று நான் சண்டையே போடுவேன். சொல்லாவிட்டால், "எல்லாம் சரியாயிருச்சு, இது மட்டும் சரியாகல, அப்ப எனக்குச் சரக்கு தேவைதான்" என்று அவன் மனது ஒரு வழக்கைத் தயார் செய்துவிடும். தூக்கமில்லாமல் மண்டை காய்ந்தவனிடம் அந்த வழக்கு ஜெயித்துவிடும்.

வழக்கு எடுபடுகிற நேரம் பெரும்பாலும் மறுநாள் சாயங்காலம். டாஸ்மாக் கடைகளைப் பகல் பன்னிரண்டு மணிக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடுகிறார்கள். 2016 வரை காலை பத்துக்கே திறந்திருந்தது. வேலை முடிகிற ஆறு மணியிலிருந்து அந்தப் பத்து மணிவரை நாலு மணி நேரத்தைத் தாண்டுவதுதான் ஒரு நாளின் மொத்த வேலை. பஸ்ஸை விட்டு இறங்கினால் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். நான் இறங்குகிற நிறுத்தத்தையே மாற்றிக்கொண்டேன். சட்டைப்பையில் பஸ்ஸுக்கும் ஒரு டம்ளர் பருத்திப்பாலுக்கும் போதுமான காசு மட்டும் இருக்கும். அந்தப் பருத்திப்பால் எனக்குச் செய்த உதவி பெரிது. சுக்கும் ஏலக்காயும் கருப்பட்டியுமாகச் சுடச்சுட வயிற்றில் இறங்கியதும், தொண்டையில் ஏறிக்கொண்டிருந்தது சற்று இறங்கும். குடியை விட்ட புதிதில் இனிப்பு கையில் இருக்கட்டும் என்று மூத்த உறுப்பினர்கள் சொல்வது அனுபவத்தில் வந்த பேச்சு.

ஆசை வரும்போது அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், உட்கார்ந்து கவனி என்று சொன்னவர் ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர். அலை மாதிரி அது ஏறும், உச்சிக்கு வரும், தானே இறங்கும்; நாம் கவிழாமல் அதன் மேலேயே மிதந்தால் போதும் என்றார். செய்து பார்த்தால் தெரியும். முதலில் நாக்கின் அடியில் எச்சில் ஊறும். அப்புறம் தாடை இறுகும், தொப்புளுக்கு மேலே ஒரு இழுப்பு. மூச்சை விட்டுக்கொண்டு அந்த இழுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் அது தளர்ந்துவிடும். மறுபடி வரும். ஆனால் வந்தது ஒருமுறை போனது என்பதை உடம்பு பார்த்துவிடுகிறது. குடித்த காலத்தில் அது போகும் என்பதைப் பார்க்கவே நாம் விட்டதில்லை.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் பிறந்ததே இப்படி ஒரு தவிப்பில்தான். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்து ஏக்ரன் நகரம். குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்த பில் வில்சன், வந்த வியாபாரம் கைநழுவிப்போய், கையில் காசில்லாமல், மேஃப்ளவர் ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன், பக்கத்தில் ஊரின் தேவாலயங்களுடைய பட்டியல். அவர் டெலிபோன் பக்கம் போனார். குடியால் அவதிப்படும் ஒருவரிடம் பேச வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டு, கடைசியில் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் இயக்கத்தின் பிறந்தநாளாகக் கொள்கிறோம். பில் தேடியது தனக்குப் புத்தி சொல்கிறவரை அல்ல, தன்னைப்போலவே திணறுகிற இன்னொருவரை. ராத்திரி போனை எடுக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். அந்த அழைப்பு எனக்கும் மருந்து.

சித்திரைத் திருவிழா முடிந்த ஒரு வாரத்தில், ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிற ஒரு தம்பி ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டான். "பிளாக்ல எங்க கிடைக்கும்னு தெரியும்ணே. சட்டையப் போட்டுட்டேன்" என்றான். சட்டையோடு மாட்டுத்தாவணிக்கு வா என்றேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் எந்த நேரமும் அடுப்பு எரிகிற கடை இருக்கும். டீ வேண்டாம், பால் சொன்னேன்; காப்பி, டீயில் இருக்கிற கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதை விட்ட புதிதில் யாரும் கவனிப்பதில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விஷயம் வந்தது. "கண்ணசந்த பத்து நிமிஷத்துல கனவுண்ணே. கல்யாண வீட்டுல குடிக்கிறேன். எந்திரிச்சுக் கையில ஊதி மோந்து பாத்தேன். குடிச்சிட்டேனோன்னு அழுதுட்டேன்." அமுக்கி வைத்திருந்த கனவுத் தூக்கம் திரும்ப வரும்போது இப்படித்தான் மொத்தமாக வரும், எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது என்றேன். "உங்களுக்குமாண்ணே?" என்று ரெண்டு தடவை கேட்டான். பக்கத்துப் பூ மார்க்கெட்டில் மல்லிகை மூட்டைகள் இறங்கத் தொடங்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம். ஐந்து மணிக்குக் கொட்டாவி விட்டான். "போய்ப் படுக்கவாண்ணே?" படுக்காதே, குளித்துவிட்டு வேலைக்குப் போ, சாயங்காலம் நேராகக் கூட்டத்துக்கு வா, ராத்திரி படு என்றேன்.

அது கல்நெஞ்சக்காரத்தனமாகத் தெரியலாம். ஆனால் தூக்க மருத்துவர்கள் சொல்வதும் அதுதான். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுகிற நேரம் மாறக் கூடாது. பகலில் நீட்டிப் படுக்கக் கூடாது. படுத்து இருபது நிமிடம்போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார வேண்டும். புரண்டு புரண்டு கிடந்தால் பாயைப் பார்த்தாலே மனது விழித்துக்கொள்ளப் பழகிவிடும். ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-லேயே இதை எழுதிவிட்டார்.

நம் ஊரில் இதைவிடப் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு சாயங்காலம்கூடத் தாங்க முடியாதவன் சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் முழுக்கச் சொட்டுக்கூடத் தொடுவதில்லை. சாமிக்குப் பயம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். கூடவே வேறென்ன மாறுகிறது என்று பாருங்கள். இருட்டோடு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறான். தரையில் படுக்கிறான். சாயங்காலம் மறுபடி குளித்து, பஜனைக்குப் போய், கூட்டத்தோடு உட்கார்ந்து சரணம் விளிக்கிறான். அந்த நாலு மணி நேரம் நிரம்பிவிடுகிறது. நேற்றுவரை ஏசிய தெருவே அவனைச் சாமி என்று கூப்பிடுகிறது. மலை இறங்கி மாலையைக் கழற்றியதும் இத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. பலர் அன்றைக்கே குடிப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் கூட்டம் மாலை கழற்றாத ஏற்பாடு என்றுதான் மலைக்குப் போய்வந்தவர்களிடம் சொல்வேன்.

வீட்டிலிருப்பவர்களைப் பற்றிப் பேசாமல் இதை விட முடியாது. பைக் தெருமுனையில் திரும்புகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு எவ்வளவு என்று கணக்கிடத் தெரிந்த பெண்கள் இவர்கள். வருடக்கணக்கில் அவர்களும் தூங்கவில்லை. அவன் விட்ட பிறகு அவள் முதன்முதலாக அயர்ந்து தூங்குகிறாள். விழித்திருப்பது இப்போது அவன் முறை. இரண்டு மணிக்குப் புரண்டு படுக்கையில் பக்கத்தில் ஆளில்லை. பதறி எழுந்து கொல்லைப்பக்கம், மொட்டைமாடி, பரண் என்று தேடி, கடைசியில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனைக் கண்டுபிடித்து, "ஊதுங்க" என்கிறாள். அவனுக்குச் சுரீர் என்கிறது. குடிக்காமலே இந்தப் பேச்சு, அப்புறம் குடித்தால்தான் என்ன என்று நினைக்கிறான். அவள் பயமும் நியாயம், அவன் வலியும் நியாயம். பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-இல் குடும்பத்தாருக்காக அல்-அனான் என்று தனி இயக்கமே தொடங்கினார். சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு, 1980-இல் சிகிச்சை மையம் தொடங்கினார். துன்பத்தை வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவர்கள் செய்த வேலைகள் இவை.

எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ராத்திரி எழுந்தால் அவள் தோளைத் தொட்டு "முற்றத்துல இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். தூக்கத்திலேயே "ம்" என்பாள். எழுப்புகிறோமே என்று முதலில் தயங்கினேன்; சொல்லாமல் போனால்தான் அவளுக்கு முழுசாக விழிப்பு வந்தது. இதைப் புதிதாக வருகிற எல்லோருடைய வீட்டிலும் சொல்கிறேன். அந்த ஜவுளிக் கடைத் தம்பியின் வீட்டுக்காரிக்கும் சொன்னேன். போன மாதம் அவளே போன் செய்தாள். "அண்ணே, நீங்க சொன்ன மாதிரி சொல்லிட்டுத்தான் போறாரு. ஆனா சும்மா இருக்க முடியலன்னு அடுப்படியில போயி பாத்திரத்த எல்லாம் எடுத்துப்போட்டு வெளக்குறாரு. சத்தத்துல புள்ளைக எந்திரிச்சு உக்காந்துக்கிருதுக. வேணாம்னு சொல்லலாமாண்ணே, மனசு விட்டுருவாரா?"

"வேணாம்னு சொல்லாதம்மா. வெளக்கட்டும். பித்தளையக் காலைக்கு வச்சிட்டு, பிளாஸ்டிக் டப்பாவ மட்டும் வெளக்கச் சொல்லு" என்றேன்.