தூரம் 400 மீட்டர்



சென்ற கோடை விடுமுறையில் நீங்கள் நாவல்கள் படித்திருப்பீர்கள். நான் படித்தது ஒரு கல் குவாரியின் வெடிப் பதிவேடு. சுவையற்ற நூல் என்று எண்ணிவிடாதீர்கள். மூன்றாண்டுத் தாள்களை வரிசையாக அடுக்கிப் படித்தால், அதிலும் ஒரு கதை வெளிப்படும்.

முதலில் என்னைப் பற்றிச் சில சொற்கள். என் பாட்டனார் வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போனவர். 2001 பிப்ரவரி 28இல் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. நான் பிறந்ததும் அதே ஆண்டுதான். என் தந்தையார், எங்கள் வழக்கில் 'நைனா', பாறையில் துளை போடும் தொழில் ஒன்றையே கைம்முதலாகக் கொண்டு குப்பத்துப் பக்கம் வந்து சேர்ந்தார். சித்தூர் மாவட்டத்துக் குவாரிகளில் தமிழ் கேட்காத நாளில்லை. இம்மாவட்டத்தின் ஒரு பகுதி 1911 வரை வட ஆர்க்காடாகவே இருந்தது என்பதால், எங்களை வந்தேறிகள் என்பது எவ்வளவு பொருந்தும் என்று எனக்குச் சற்று ஐயம் உண்டு. அது நிற்க.

திருப்பதியில் நம் பல்கலைக் கழகத்தில் நிலவியல் பயிலும் எனக்குப் பேராசிரியர் இட்ட பணி எளிமையானது. "ஒரு கையில் அனுமதிப் பத்திரம், மறு கையில் பதிவேடு, வரிக்கு வரி ஒப்பிட்டு வா" என்றார். நைனா வேலை செய்யும் குவாரியையே தேர்ந்தெடுத்தேன். அதன் பெயர் இங்கு வேண்டாம்.

முதலில் சரக்குக் கணக்கு. 125 கிராம் ஜெலட்டின் குச்சிகள் 200 சேர்ந்தால் 25 கிலோப் பெட்டி ஒன்று. கிடங்கிலிருந்து எடுத்தவை, குழிகளில் இட்டவை, திருப்பிக் கொடுத்தவை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசைய வேண்டும். கேப்புகளுக்கும் இதே கணக்குத்தான். இக்கணக்கு இசைந்தது. 2021 மே 8ஆம் நாள் கடப்பை மாவட்டம் மாமில்லபள்ளியில் ஜெலட்டின் இறக்கும்போது வெடித்துப் பத்துப் பேர் மாண்ட செய்தியை நினைத்தவாறே கூட்டினேன் ஆதலால், கூட்டல் சரியாக வந்தபோது பெருமூச்சு விட்டேன்.

அடுத்து அதிர்வு. தன்பாத்தில் உள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் 1997இல் விடுத்த சுற்றறிக்கையே இதற்கு அளவுகோல். பிறர் குடியிருப்புகளின் அருகே, அதிர்வின் அலைவெண் வினாடிக்கு 8க்குக் கீழானால் நிலத்தின் வேகம் வினாடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. 8 முதல் 25 வரை 10 மில்லிமீட்டர். அதற்கும் மேலானால் 15. மெதுவான அதிர்வே வீட்டுச் சுவரை அதிகம் ஆட்டுகிறது என்பதே காரணம். பதிவேட்டில் ஒருநாள் 9 மில்லிமீட்டர் என்று கண்டிருந்தது. அது குற்றமா, அன்றா? அலைவெண் 12 ஆனால் குற்றமில்லை. 6 ஆனால் குற்றம். அலைவெண்ணுக்குரிய கட்டமோ எல்லாத் தாள்களிலும் வெறுமையாய்க் கிடந்தது. பாதி விடையை எழுதி வைத்துக் கொண்டு சட்டப்படி நடந்தோம் என்று சொல்ல இயலுமா?

என்னை உறங்க விடாதது மற்றொரு வரி. 'அருகிலுள்ள வீடு: 400 மீட்டர்.' மூன்றாண்டுகளாக ஒவ்வொரு தாளிலும் இதே எண். கையால் எழுதியதுகூட அன்று, அச்சிட்டது. ஆனால் குவாரி வளர்கிறது. வெட்டு முகம் ஆண்டுதோறும் எங்கள் காலனியை நோக்கி நகர்கிறது. காலனியோ நின்ற இடத்தில் நிற்கிறது. கடைசியாக வெடித்த குழியின் அடையாளத்திலிருந்து எங்கள் வரிசையின் முதல் வீடு வரை நானும் ஒரு நண்பனும் நாடா பிடித்து அளந்தோம். 300 மீட்டருக்கு ஓரிரு அடி கூட இருந்தது.

நூறு மீட்டர்தானே என்பீர்கள். குழிகள் எல்லாம் ஒரே கணத்தில் வெடிப்பதில்லை. இடையிடையே மில்லி வினாடிகள் விட்டு வெடிக்கச் செய்வார்கள். ஒரு கணத்தில் வெடிக்கும் மருந்தின் எடையே அதிர்வைத் தீர்மானிக்கிறது. அந்த எடை, தூரத்தின் வர்க்கத்தை ஒட்டியது. 400 மீட்டரில் 100 கிலோ தகுமானால், அதே அதிர்வுக்கு 300 மீட்டரில் 56 கிலோதான் தகும். ஆகவே பத்திரத்துக்கும் பதிவேட்டுக்கும் பொருத்தம் நூற்றுக்கு நூறு. பதிவேட்டுக்கும் நிலத்துக்குமே பொருத்தமில்லை. எங்கள் தெருவில் மண் சாந்து வைத்துக் கட்டிய சுவர்கள் பல. அவற்றின் வெடிப்புகளுக்கு வெயிலே காரணம் என்று இத்தனை நாள் சொல்லப்பட்டு வந்தது.

வெடி மேஸ்திரியும் தமிழரே. "அண்ணே, இந்தத் தூரத்தை யார் அளந்தது?" என்று கேட்டேன். "தாள் அப்படியேதான் வருது தம்பி. நான் குழியும் குச்சியும் எழுதிக் கையெழுத்துப் போடுறேன்" என்றார். பழி வந்தால் அந்தக் கையெழுத்தின் மேல்தான் வரும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் என் அறிக்கையில் தாளை அச்சிட்டவர்களின் பொறுப்பைத் தனியே ஒரு பத்தியாக எழுதினேன். நைனா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்; ஒன்றும் பேசவில்லை.

அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மேற்பரப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஒரு விதி உண்டு. வீட்டுக்கு மிக அருகிலுள்ள வெடிகுழியிலிருந்து அந்த வீடு வரை உள்ள தூரத்தை ஒவ்வொரு வெடிக்கும் எழுத வேண்டும். ஏட்டை மூன்றாண்டுகள் காக்க வேண்டும். பொதுமக்கள் கேட்டால் காட்ட வேண்டும். எங்கள் காலனியில் அந்த ஏட்டைக் கண்ணால் கண்டவர், மேஸ்திரியைத் தவிர ஒருவருமில்லை. நான் மாணவன் என்பதால் கண்டேன்.

அறிக்கை போன பின், ஆடி மாதத்திலிருந்து தூரத்தைப் பேனாவால் எழுதுகிறார்கள். ஒரு கணத்துக்குரிய மருந்தும் குறைந்திருக்கிறது. அதனால் சிறு குழிகள் பெருகிவிட்டன. "உன் படிப்பால எனக்குத்தான் குழி கூடிப்போச்சு, கண்ணு" என்று நைனா தொலைபேசியில் குறைப்பட்டுக் கொள்கிறார். அலைவெண் கட்டம் மட்டும் இன்னும் வெறுமை. தீபாவளி விடுமுறையில் அதிர்வு அளக்கும் கருவி ஒன்றை இரவல் பெற்றுச் செல்ல எண்ணியிருக்கிறேன். பௌதிகத் துறை அன்பர் எவரேனும் உடன் வந்தால் உதவியாக இருக்கும். காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாக ரயில். வீட்டில் ராகிக் களி உண்டு.