பரண்மேல் இருக்கும் அட்டைப்பெட்டி

மில்வாக்கி
20-11-2022

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் போனில் நீ சொன்னது மனதிலேயே கிடக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரண்மேல் அட்டைப்பெட்டியில் இருக்கும் என் நாவல் நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடப் போகிறேன், அதுதான் புத்தகமாகவே வந்துவிட்டதே என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் குக்கர் விசில் அடித்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். வெள்ளையடிக்க ஆள் வருவதற்குள் உன் கைக்கு வந்துவிடும்.

இங்கே மார்க்வெட் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரி மாதிரி இதுவும் இயேசு சபைச் சாமியார்களுடையது. அதன் ஹேகர்ட்டி கலைக்கூடத்தில் டோல்கீனின் கையெழுத்துப் பிரதிகளைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். நேற்று போயிருந்தேன். ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் நடத்தியவரின் காகிதம் இந்தக் குளிரூருக்கு எதற்கு வந்தது என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வில்லியம் ரெடி என்ற இந்தப் பல்கலைக்கழக நூலகர், 1957-இல் 1,500 பவுண்டு கொடுத்து அவரிடமிருந்தே வாங்கிவிட்டார். 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' வெளிவந்து முடிந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே அடித்தல் திருத்தலுக்குக் காசு கொடுத்த அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இன்று இவர்களிடம் இருப்பது 11,000 பக்கத்துக்கு மேல்.

கண்ணாடிக்குள் ஒரு தாள். முதலில் பென்சிலில் தலைதெறிக்க ஓடியிருக்கிறார். அப்புறம் அதன்மேலேயே மை தொட்டு நிதானமாக எழுதியிருக்கிறார். அடியில் இருக்கும் பென்சில் எழுத்து, மழையில் நனைந்த கோலம் மாதிரி அங்கங்கே எட்டிப் பார்க்கிறது. போர்க்காலத்தில் காகிதத்துக்குப் பஞ்சம் என்பதால் மாணவர்களின் விடைத்தாள்களின் பின்பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. ஒன்சைடு பேப்பரைச் சேர்த்துச் சேர்த்து வைப்பாயே, உன் ஞாபகம்தான் வந்தது.

'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையின் கடைசியில் ராஜாவாக முடிசூடும் அரகோர்ன் இருக்கிறான் இல்லையா? முதல் படியில் அவன் மனிதனே இல்லை. மரச்செருப்பு போட்டுக்கொண்டு டக்டக்கென்று நடக்கும் ஒரு ஹாபிட். பெயர் ட்ராட்டர். கதாநாயகன் ஃப்ரோடோ நிற்க வேண்டிய இடத்தில் பிங்கோ என்று ஒருவன் நிற்கிறான். அதற்கு முந்தைய 'தி ஹாபிட்' கதையின் முதல் படியிலோ, காண்டால்ஃப் என்பது குள்ளர் தலைவனின் பெயர். மந்திரவாதியின் பெயர் ப்ளாடோர்தின். நல்லவேளை, மாற்றினார். உன் நாவலில் வரும் தாசில்தார்கூட முதல் நோட்டில் தபால்காரராகத்தானே இருந்தார்? மணி இல்லாத சைக்கிளில் வருவாரே. புத்தகத்தில் அந்த சைக்கிள் இல்லை, அக்கா. அந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் ஆட்கள் நாலாபக்கமும் பிரிந்து போன பிறகு, எந்தத் தேதியில் யார் எங்கே என்று கட்டம் கட்டிக் கணக்குப் போட்டிருக்கிறார். அன்றைக்கு நிலா என்ன நிலையில் என்பதுவரை பார்த்திருக்கிறார். பஞ்சாங்கமேதான். பத்து நிமிஷம் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஆனால் ஒரு தாள் மட்டும் இங்கே இல்லை. டோல்கீனுக்கு நாலு பிள்ளைகள், பேராசிரியர் சம்பளம் பற்றவில்லை. கோடை விடுமுறையில் பள்ளிப் பரீட்சைத் தாள் திருத்துவார். எவனோ ஒரு மாணவன் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தான். அலுப்பில் அதில் ஒரு வரி கிறுக்கினார். 'தி ஹாபிட்' கதையின் முதல் வரி அது. அந்தத் தாள் எங்குமே மிஞ்சவில்லை. மே மாதம் மதிப்பீட்டு மையத்தில் மின்விசிறிகூடச் சுற்றாத அறையில் நீ கட்டுக்கட்டாகத் திருத்துவதை நினைத்துக்கொண்டேன். உன் முதல் வரி எதன் பின்னால் எழுதியது?

1944-இல் டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் விமானப்படைப் பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். கடிதம் கடிதமாக எழுதியதோடு, முடிந்த அத்தியாயங்களையும் அவருக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார் அப்பா. பிற்பாடு அந்த மகன்தான் உட்கார்ந்து எல்லாத் தாளையும் வரிசைப்படுத்தி, 1983 முதல் 1996 வரை 12 தொகுதிகள் கொண்டுவந்தார். விற்றபோது கவனிக்காமல் வீட்டிலேயே தங்கிப்போன தாள்களும் இருந்தன. ஒரே அத்தியாயத்தில் பாதி இங்கிலாந்திலும் பாதி இங்கேயும் கிடந்திருக்கிறது. கண்டெடுத்ததை மகன் இங்கே அனுப்பி வைத்தார்.

இதைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. காரணம் கேள், திட்டாதே. என்னை ஹாஸ்டலில் சேர்த்த வருஷம் படித்துப் பார் என்று அனுப்பினாயே, நீல அட்டை போட்ட மூன்றாவது நோட்டு, தொலைந்துவிட்டது என்று சொன்னேன் இல்லையா? தொலையவில்லை. இங்கே என் பெட்டியில்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் என் மெஸ் கணக்கு வேறு.

மற்ற நோட்டுகளை வேட்டித் துணியில் சுற்றி, நாலு வசம்புத் துண்டு போட்டு, அத்தானிடம் சொல்லி பீரோவுக்குள் ஏற்றிவை. ஜூனில் வரும்போது மூன்றாவதைக் கொண்டுவருகிறேன். மற்ற நோட்டுகள் பீரோவில் இருந்தால்தான் தருவேன்.

அன்புத் தம்பி