வெற்றுமண் சுத்தமாகுமா?

புல்லொன்றுமின்றி மண் செக்கச் செவேலென்று தெரிந்தால், அதனைச் சுத்தமென்று மெச்சுவது நம்மவரிடையே நெடுங்காலப் பழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பால்மரத் தோட்டங்களில் இது துரைமாரின் கட்டளையாகவே இருந்தது. மரவரிசைகளின் நடுவே ஒரு களையும் தலைகாட்டலாகாது என்றனர். நம் பாட்டன் பாட்டிமார் கூலிக்குக் குனிந்து செதுக்கினர். பெருமழை பெய்தது; மேட்டு நிலத்தின் மேல்மண் ஆற்றோடு போயிற்று.

அவர்களிற் பலர், தமிழகத்துப் புன்செய்யில் சோளத்தினிடையே மொச்சையும் தட்டைப்பயறும் விதைத்த குடியானவர் வழிவந்தோர். மண்ணை வெறுமையாய் விடலாகாதென்பது அவர்கள் அறிந்ததே. ஆயினும் கூலியாளைக் கலந்து கேட்பார் யார்?

பயறு, அவரை முதலியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்குகின்றன என்பதை, 1886-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல் எடுத்துரைத்தார். மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1925-இல் நிறுவப்பட்டது. நாளடைவில் செதுக்கும் வழக்கம் தளர்ந்தது. பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா என்னும் கொடிகள் இளமரங்களினிடையே படர்ந்தன. மழையின் அடியை இலை தாங்கிற்று. வேர் மண்ணைப் பிடித்தது. உதிர்ந்த தழை எருவாயிற்று. லாலாங் புல்லும் அடங்கிற்று. மரம் ஓங்கி நிழல் கவிந்ததும் கொடி தானே ஒடுங்கிற்று. துரைமார் புதுமையென்று கொண்டது, நம் முன்னோர் புன்செய்யில் கைக்கொண்ட முறையேயன்றோ?

இவ்வுண்மை பெருந்தோட்டத்திற்கு மட்டும் உரியதன்று. கொல்லையில் மக்காச்சோளம் இடுவோரும் இதனைக் கைக்கொள்ளலாம். சோளத்தோடு ஒரே நாளில் பயற்றையும் விதைத்தால், இரண்டும் நீருக்கும் உரத்திற்கும் போராடும். ஆதலின் முதல் மூன்று நான்கு வாரம் களை நீக்கிச் சோளத்தை வளரவிடல் வேண்டும். அது முழங்காலளவு உயர்ந்தபின், வரிசைகளின் நடுவே கொடியோடாத குத்துத் தட்டைப்பயற்றை விதைக்கலாம். கதிர் ஒடித்த பின்னும் நிலம் மூடியே இருக்கும்.

நமது கொல்லையில் இவ்வாறே செய்து வருகிறோம். "காடு மண்டிக் கிடக்கிறதே!" என்று அயலார் முகஞ்சுளிக்கின்றனர். நாம் வாதிடுவதில்லை, தழையை விலக்கி, ஈரமும் மண்புழுவும் நிறைந்த ஒரு பிடி மண்ணை அவர் கையில் கொடுக்கிறோம்.

தோழர்களே! மேலோர் கட்டளையென்றும் நெடுநாட் பழக்கமென்றும் ஒன்றை ஒப்புக்கொள்வது அறிவுடைமையாகாது. மண்வெட்டியைச் சற்றே ஒதுக்கி வைத்து, ஒரு பிடி பயற்றை விதைத்துப் பாருங்கள். பின்னர் எது சுத்தமென்று நீங்களே முடிவு செய்யுங்கள்.