வரப்போரத்து விருந்தினர்

ஆப்பிரிக்காவின் கென்யா, தான்சானியா நாடுகளுக்குச் செல்லும் பயணியர் பலர், மாசாய் என்னும் இடையர் குலத்தாரின் குடியிருப்புகளைக் கண்டு வருவர். மழையும் புல்லும் உள்ள இடம் தேடி மாடுகளுடன் பெயர்ந்து வாழ்வது அம்மக்களின் பழைய வழக்கம். அவர்களைக் காணக் கடல் கடப்பது எல்லோர்க்கும் இயலாது. ஆனால் அதே தொழிலினர் ஆண்டுதோறும் நம் வயலுக்கே வந்து தங்குவதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

திருவிடைமருதூர், பெயரிலேயே மருதைத் தாங்கிய ஊர். வைகாசி மாலையொன்றில் பங்கு இளைஞர் சிலருடன் வயல்வெளிக்குச் சென்றோம். மகாலிங்க சுவாமி கோயிற் கோபுரம் நமக்குப் பின்னே சிறுத்துக்கொண்டே வந்தது. உளுந்து எடுத்து முடித்து, வெடித்துக் கிடந்த வயலில் 400-க்குக் குறையாத செம்மறியாடுகள் வந்து சேர்ந்துகொண்டிருந்தன.

அவற்றை ஓட்டி வந்தவர் கீதாரிகள். கீதாரி என்பது மந்தைத் தலைவருக்குரிய பெயர். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, சம்பா அறுவடைக்குப் பின் இங்கு வருகின்றனர். முன்பு நடந்தே வந்தனர். இன்று பலர் லாரியில் வருகின்றனர். முல்லை நிலத்து ஆயர் மருத நிலத்திற்கு விருந்தாக வரும் உறவு இது.

காலையில் பனி ஈரம் உலர்ந்த பின்னரே ஆடுகள் மேய்ச்சலுக்குப் போகும். ஆடவர் மந்தையுடன் செல்வர். பெண்கள் கிடையிடத்தில் தங்கித் தண்ணீர் சுமந்து, சோறு ஆக்கி, குட்டிகளைக் காப்பர். தாயுடன் நடக்கவியலாத இளங்குட்டிகளுக்கு, மூங்கிற் சிம்பால் பின்னிய கவிழ்த்த கூண்டே வீடு. அந்தி சாய்ந்ததும் கம்புகளை ஊன்றி வலை கட்டி மந்தையை அடைப்பர். இதுவே கிடை. இரவெல்லாம் விழும் புழுக்கையும் சிறுநீரும் வயலுக்கு உரம். மறுநாள் கிடை அடுத்த துண்டிற்கு மாறும். ஆட்டுத் தொகையையும் இரவுகளையும் கணக்கிட்டு, நிலக்காரர் நெல்லோ பணமோ தருவார்.

நம்முடன் வந்த இளைஞர் ஒருவர், குட்டிக்குப் பால் ஊட்டிக்கொண்டிருந்த பெண்ணை நோக்கிக் கைப்பேசியை உயர்த்தினார். அப்பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதிய கீதாரி சினமின்றிச் சொன்னார்: "ஆட்டைப் படம் புடிங்க தம்பி. ஆளைப் புடிக்கணும்னா ஒரு வார்த்தை கேளுங்க." இளைஞர் நாணிக் கைப்பேசியைப் பைக்குள் வைத்தார். பிறகு அவரே வலையின் ஒரு முனையைப் பிடித்துக் கிடை கட்ட உதவினார்.

நாம் மட்டும் என்ன? ஆடு எத்தனை, கூலி எவ்வளவு என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். கீதாரியின் மனைவி மெல்ல, "ஆட்டை எல்லாரும் எண்ணிக் கேக்குறாங்க சாமி. எம்பேத்தியைக் கேக்க ஆளில்லை. படிக்கணும்னு ஊருல விட்டு வந்தோம். முகம் பாத்து நாலு மாசமாச்சு" என்றார். நமக்குச் சுருக்கென்றது. பிள்ளையை உடன் அழைத்து வந்தால் பள்ளி போகும். விட்டு வந்தால் பிள்ளையின் முகம் போகும். அலைந்து மேய்ப்போர் அனைவரையும் வாட்டும் சிக்கல் இது.

இந்த உறவும் தேய்ந்து வருகிறது. மேட்டூர் அணை 1934-இல் வந்த பின், அதைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. கால்வாயில் நீர் வந்து நடவு தொடங்கும்வரை தரிசு நிலம் ஆட்டுக்குரியது. இன்றோ ஆழ்துளைக் கிணற்று நீரால் கோடையிலேயே குறுவை நடப்படுகிறது. மேய்ச்சல் இடம் குறுகுகிறது. மூட்டையில் வரும் உரம் எளிதாகிவிட்டது. ஓர் ஆடு வரப்புத் தாண்டினாலும் வசைதான்.

2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்துள்ளது. உலகம் நினைக்கும்போது நாம் மறக்கலாமா? மார்கழியில் நம் குடில்களில் இடையர் உருவங்களை முன்னே வைக்கிறோம். வைகாசியில் வரப்போரம் வந்து நிற்கும் இடையரையோ பெயர் கேட்காமலே கடந்து போகிறோம்.

அன்பர்களே, அடுத்த கோடையில் பிள்ளைகளுடன் ஒரு கிடையைக் கண்டு வாருங்கள். மந்தையின் நடுவே புகாதீர்கள். கேளாமல் படம் எடுக்காதீர்கள். ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டு செல்லுங்கள். ஆட்டுக் கணக்கைப் பிறகு கேட்கலாம். முதலில் பேத்தி நலமா என்று கேளுங்கள்.